துரை காருக்குச் சத்தமில்லாத இன்ஜின்

1. பின்னால் ஓடிய கார்

மலாயாவில் புக்கிட் பெலிம்பிங் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் மேடு என்று சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் உண்டு. தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜரான துரையின் பங்களா அதன் மேல் இருந்தது. ஒருநாள் காலை துரையின் கார் அந்த மேட்டில் பாதி ஏறி, மூச்சு வாங்கி நின்று, கொஞ்சம் யோசித்துவிட்டு, துரையையும் வைத்துக்கொண்டே பின்பக்கமாக இறங்கி, கால்வாய்க் கரை வாழையில் போய்ச் சாய்ந்துகொண்டது. நாங்கள் ஓடிப்போய்க் கதவைத் திறந்தோம். அந்தக் கதவைத் திறக்கவே இரண்டு ஆள் வேண்டும்.

கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார சர்க்கார் அறிவித்த அவசரகாலம் தொடங்கியிருந்த நேரம். காட்டிலிருந்து கம்யூனிஸ்டுகள் வந்து சுடுவார்கள் என்று துரைமார்கள் காருக்கு இரும்புத் தகடு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு துரை அடித்தால் அடுத்த துரைக்குத் தூக்கம் வராது. எங்கள் துரைக்கும் வரவில்லை. தோட்டத்து வொர்க்ஷாப் பிட்டர் நான். ரப்பர் பேக்டரியில் செத்துக் கிடந்த பழைய பாய்லரை வெட்டி, காரின் நான்கு கதவுக்கும் முதுகுக்கும் தைத்துக் கொடுத்தேன். நான் பள்ளிக்கூடத்தில் படித்த பிட்டர் இல்லை. கழற்றிவிட்டு மாட்டத் தெரியாமல் முழித்து முழித்தே தொழில் கற்றவன். ஆனால் தகடு அடித்தால் கனக்கும் என்பது எனக்குத் தெரியும். துரைக்கும் சொன்னேன். துரை கேட்கவில்லை. வாழை மரம் சொன்ன பிறகுதான் கேட்டார்.

அந்தக் கார் சண்டைக்கு முந்தியது. சப்பான்காரன் காலத்தில் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டுக்கு அடியில் ஒளிந்திருந்து உயிர் பிழைத்தது. இன்றைக்கு அப்படி ஒரு காரைக் கண்டால் ‘கிளாசிக்’ என்று பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அன்றைக்குப் புல்வெட்டும் பெண்கள் வைத்திருந்த பெயர் ‘காசநோய்க்காரன்’. அப்படி இருமும். அரை மைலுக்கு அப்பால் இருமினாலே வேலை வாங்கும் மண்டோர் மரத்தடியிலிருந்து எழுந்து கையை நீட்டி யாரையாவது திட்ட ஆரம்பிப்பார். கணக்கு எழுதும் கிராணி சுருட்டை அணைப்பார். துரை வரும்போதெல்லாம் தோட்டம் சுறுசுறுப்பாக இருந்ததால், தோட்டம் எப்போதுமே சுறுசுறுப்புதான் என்று துரை நம்பியிருந்தார்.

அந்த இருமலுக்கு உண்மையிலேயே காது கொடுத்தவர் ஒருவர் உண்டு. கேட்டில் காவல் நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் அந்தோணி. முன்பு ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவர். அவசரகாலம் வந்ததும் காக்கிச் சட்டையும் இரட்டைக் குழல் துப்பாக்கியும் கொடுத்து நிறுத்திவிட்டார்கள். கேட்டருகே கார் நின்றால் கம்யூனிஸ்டுக்குச் சுட வசதியாகிவிடும் என்பதால், துரை வந்து சேரும்போது கேட் திறந்திருக்க வேண்டும் என்பது உத்தரவு. தெரியாத வண்டி நிற்காமல் வந்தால் சுட வேண்டும் என்பதும் உத்தரவு. இரண்டும் துரையே போட்டவை. எது தெரிந்த வண்டி, எது தெரியாத வண்டி என்று அந்தோணி இருமலை வைத்துத்தான் கண்டுபிடித்தார்.

2. கட்டாயக் கல்யாணம்

துரை என்னைக் கூப்பிட்டார். துரைமார்கள் படித்துவரும் தமிழில் கட்டளை மட்டும்தான் இருக்கும்; கேள்வி கிடையாது.

“வேற இன்ஜின் போடு. மேடு ஏறணும். சத்தம் வரக்கூடாது. சத்தம் கேட்டா கம்யூனிஸ்ட் காத்திருப்பான். யார்கிட்டேயும் சொல்லாதே. ரகசியம்.”

காரை வொர்க்ஷாப்பில் ஏற்றி, செயின் புளோக்கில் இன்ஜினைத் தூக்கித் தொங்கவிட்டதைத் தோட்டமே நின்று வேடிக்கை பார்த்தது. அதுதான் ரகசியம். ஆனால் என்ன இன்ஜின் வருகிறது, கார் எப்போது வெளியே வரும் என்பதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

தஞ்சோங் காராங் பக்கம் கால்வாயில் விழுந்த ரொட்டி வேன் ஒன்று லேலாங்கில் ஏலம் போனது. பாடி நொறுங்கிவிட்டது, இன்ஜினுக்கு ஒன்றுமில்லை. சண்டைக்குப் பிறகு வந்தது, வால்வு மேலே இருக்கிற ஜாதி. துரை வாங்கினார். நான் சம்ப்பைத் திறந்தபோது ஆயிலோடு இரண்டு குட்டி நண்டும் வந்தது.

இன்ஜின் மாற்றுவது பல்பு மாற்றுவது மாதிரி என்று நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். பழைய கியர்பாக்ஸின் போல்ட் ஓட்டை ஒரு வட்டம். புது இன்ஜினின் ஓட்டை இன்னொரு வட்டம். இரண்டுக்கும் நடுவே அடாப்டர் பிளேட் ஒன்று வேண்டும். மிச்சமிருந்த பாய்லர் தகட்டிலேயே வெட்டினேன். வெட்டுவது பெரிய காரியமில்லை, நடு சென்டர் பிடிப்பதுதான் காரியம். மயிரிழை விலகினாலும் கிளட்ச் உதறி, கொஞ்ச நாளில் கியர்பாக்ஸ் தவிடாகும். கியர்பாக்ஸ் ஷாப்டின் நுனி உட்காருவதற்குப் பித்தளை புஷ் கடைய, கோலா சிலாங்கூரில் லேத் கடை வைத்திருந்த சீனத் தௌக்கேயிடம் போனேன். அவர் இரண்டு அளவையும் பார்த்துவிட்டு மலாயில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

“பொண்ணுக்கும் இஷ்டமில்லே, மாப்பிள்ளைக்கும் இஷ்டமில்லே. நீதான் பிடிச்சுக் கட்டி வைக்கிறே. குழந்தை பிறந்தா என் பேரை வைக்காதேலா.”

அதன் பிறகும் சண்டை ஓயவில்லை. பேன் போய் ரேடியேட்டரை உரசியது. ரேடியேட்டரை இரண்டு அங்குலம் முன்னால் தள்ளினேன். ஸ்டியரிங் பாக்ஸ் எக்சாஸ்ட் பைப்பை விடமாட்டேன் என்றது. பைப்பைச் சூடாக்கி வளைத்தேன். கடைசியில் பெரிய சைலன்சர் ஒன்றையும் மாட்டி ஸ்டார்ட் செய்தால், ஓடுகிறதா என்று கையை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

3. யாருக்கும் தெரியாமல் வந்தோம்

சோதனை ஓட்டம். துரை ஓட்டினார், இன்ஜின் என்ன சொல்கிறது என்று கேட்க என்னை இடது பக்கம் உட்காரவைத்தார். பேக்டரிப் பின்வழியாக வெளியே போனோம். கோலா சிலாங்கூர் ரோட்டில் கார் வெண்ணெயில் போகிற கத்தி மாதிரி போனது. துரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திரும்பி வருகையில் பொழுது சாய்ந்துவிட்டது. கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் துரைக்கு இன்னொரு யோசனை வந்தது. ஹெட்லைட்டை அணைத்துவிட்டார்.

“சத்தம் இல்லே. லைட் இல்லே. இப்போ யாருக்கும் தெரியாது, நாம யாருன்னு!”

அது உண்மைதான். யாருக்கும் தெரியவில்லை.

“யாரது? நில்லு! பெர்ஹெந்தி!” என்று அந்தோணியின் குரல் இரண்டு மொழியில் கேட்டது. கேட் ஏன் திறக்கவில்லை என்கிற ஆச்சரியத்தில் துரை நிறுத்த மறந்தார். ஒரு வெடி. என் பக்கக் கதவில் கல்மாரி பெய்த மாதிரி சத்தம். நான் எப்போது குனிந்தேன் என்று எனக்கே தெரியாது. நிமிர்ந்தபோது கார் கேட்டை முட்டி நின்றிருந்தது, துரை எல்லாத் தமிழ்க் கட்டளைகளையும் ஒன்றாக இறக்கிக்கொண்டிருந்தார்.

அந்தத் திட்டை எந்தக் கம்யூனிஸ்டாலும் திட்ட முடியாது. அந்தோணி துப்பாக்கியை இறக்கிவிட்டார்.

“ஐயோ, துரைங்களா! மாதாவே! வண்டி இருமலியே துரை!”

“ரெண்டு நாள்லே நீ போ! வீடு காலி பண்ணு!”

வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். அந்தோணிக்கு நான்கு பிள்ளைகள். மனைவி மாசமாக இருந்தார். அவர் கும்பிடவில்லை, அழவும் இல்லை. என் பக்கம் குனிந்து, “பிட்டரே, உனக்கு ஒண்ணும் ஆவலியே?” என்று கேட்டார். பன்னிரண்டு அடி தூரத்தில் சுட்டவர் கேட்கிற கேள்வி அது. தகடு பள்ளம் பள்ளமாக அம்மை போட்டிருந்தது, ஓட்டை விழவில்லை.

4. துரைமார் கிளப்

மறுநாள் மத்தியானம் துரை கிளப்புக்குப் போனார். வழியில் இன்ஜின் மக்கர் செய்தால் பார்க்க என்னையும் ஏற்றிக்கொண்டார். கிளப் வாசலில் நின்ற துரைமார்கள் கதவைப் பார்த்தார்கள். தன் காவல்காரனே தன்னைச் சுட்டான் என்று அங்கே எப்படிச் சொல்வது? எங்கள் துரை சாவகாசமாக ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. ஆனால் ‘கம்யூனிஸ்ட்’ என்பது எல்லா மொழியிலும் ஒன்றுதான். முதல் பீருக்கு மூன்று பேர் சுட்டார்கள். நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அது ஒரு கூட்டமாகிவிட்டது. குண்டு பட்டது என் பக்கத்தில், வீரம் வந்தது துரைக்கு.

கிளப்பில் போலீஸ் ஆபீசர் ஒருவரும் குடித்துக்கொண்டிருந்ததைத் துரை கவனிக்கவில்லை.

5. விசாரணை

அடுத்த நாள் காலை கோலா சிலாங்கூரிலிருந்து மலாய் சார்ஜன்ட் ஒருவர் வந்தார். தோட்டத்துப் பக்கத்து மலாய்க் கிராமத்தில், கம்பத்தில் வளர்ந்தவர். நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். கதவின் பள்ளங்களைத் தடவிப் பார்த்தார். அந்தோணியின் தோட்டாவை எண்ணச் சொன்னார். ஒன்று குறைந்தது.

அந்தோணி துரையைப் பார்த்தார். நான் அந்தோணியைப் பார்த்தேன். பொய் என்று துரை ஒத்துக்கொண்டால் கிளப்பில் தலைகாட்ட முடியாது.

“அவன்... திருப்பிச் சுட்டான். கம்யூனிஸ்ட் ஓடிட்டான்” என்றார் துரை.

“அப்படிங்களா துரை?” சார்ஜன்ட் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. “இவன் சுட்டது அவங்க மேலே. அவங்க சுட்டது உங்க மேலே. ரெண்டும் ஒரே கடையில வாங்கின குண்டு மாதிரி இருக்குங்களே.”

அந்த நேரம் பார்த்து எங்கள் கிராணி சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து, மூச்சிரைக்க, “துரை, அந்தோணி வீட்டுச் சாமானை வெளியே வைக்க ஆள் அனுப்பிட்டேன்” என்று நல்ல செய்தி சொன்னார். துரை ஒரு வேலை சொன்னால் அதை ஒழுங்காகச் செய்தது அவர் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.

“கம்யூனிஸ்டை விரட்டின ஆளோட சாமானை ஏன் வெளியே வைக்கணும்?” என்று சார்ஜன்ட் மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

துரை கிராணியை முறைத்துவிட்டுச் சொன்னார்: “வேற வீடு குடுக்கறேன். பெரிய வீடு.”

அப்படித்தான் அந்தோணி குடும்பம், தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த இரண்டு அறை வீட்டுக்கு மாறியது. சார்ஜன்ட்டும் சும்மா போகவில்லை. மேலிடத்துக்கு நல்லபடியாகச் சொல்லிவைத்தார். கொஞ்ச நாளில் அந்தோணியின் சட்டைக் கையில் பதவி உயர்வுக்கு அடையாளமாக ஒரு கோடு ஏறியது. துரையே கைகுலுக்க வேண்டியதாயிற்று. கசப்பு மருந்து குடிக்கிற முகத்தை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

6. இருமல் மருந்து

சார்ஜன்ட்டின் ஜீப் கண்ணுக்கு மறைந்ததும் துரை வொர்க்ஷாப்புக்கு வந்தார்.

“பழைய சத்தம் போடு.”

“துரை, கம்யூனிஸ்ட் காதுல விழுமே?”

“போடு!”

கம்யூனிஸ்டைவிட அந்தோணிமேல்தான் பயம் அதிகம் என்று எந்தத் துரையும் வாயால் சொல்வாரா? பாடுபட்டு மாட்டிய சைலன்சரில் டிரில்லை வைத்து ஓட்டை போட்டேன். ஒரு ஓட்டைக்குச் சீறியது. மூன்றாவது ஓட்டைக்குத் தும்மியது. ஐந்தாவதில்தான் இருமல் வந்தது. எதிரே மரத்தடியிலிருந்து மண்டோர் எழுந்து யாரையோ திட்ட ஆரம்பித்ததும், அளவு சரி என்று நிறுத்திக்கொண்டேன்.

இப்போது பழைய காருக்குப் புது இன்ஜின் போடுகிற பையன்கள் என்னிடம் வந்து மவுண்ட் எப்படி, ஷாப்ட் நீளம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். கூடவே, அந்தக் காரின் சத்தத்தைக் கேட்டு யார் யார் பிழைக்கிறார்கள் என்பதையும் விசாரித்துவிட்டு ஸ்பேனரைத் தொடுங்கள் என்கிறேன். சிரிக்கிறார்கள். அவர்கள் கதவில் யாரும் சுட்டதில்லை.

கோடு தைத்த சட்டையோடு அந்தோணி முதல்நாள் கேட்டில் நின்றபோது சும்மா சீண்டிப் பார்த்தேன்.

“அண்ணே, சைலன்சர் ஓட்டையெல்லாம் நாளைக்கே கரி அடைச்சு, வண்டி மறுபடியும் சத்தமில்லாம வந்தா என்னா பண்ணுவீங்க?”

அந்தோணி சட்டைக் கையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“சுடுவேன்லா. ஒரு தடவை சுட்டதுக்கே கோடும் வீடும் குடுத்தாங்க. இன்னொரு தடவை சுட்டா பங்களாவே குடுத்தாலும் குடுப்பாங்க.”