நூற்றைந்தில் அப்பா தலையாட்டினார்

எங்கள் அப்பாவைப் பாட்டுப் பைத்தியம் என்றுதான் மாத்தளைப் பக்கத்துப் பலாபத்வலயில் எல்லோரும் சொல்வார்கள். அம்மா குசினியிலிருந்து மூன்று தரம் கூப்பிட்டால் ஒரு தரம் திரும்புவார். திரும்பியதும் காதில் தொங்கும் ஒயரைத் தொட்டுக் காட்டிச் சிரிப்பார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு போய்விடுவாள்.

அந்த ஒயரின் மறுமுனையில் கட்டைவிரல் அளவு ஒரு எம்பி3 பிளேயர் இருந்தது. கத்தாரிலிருந்து லீவில் வந்த சித்தப்பா கொடுத்தது. பென்டோர்ச் பெட்டரி ஒன்று போட்டால் பாடும். அப்பா லொறி டிரைவர். மாத்தளையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்த ஒரு முஸ்லிம் முதலாளியின் லொறியைப் பல வருஷங்களாகத் தம்புள்ளைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். யுத்தம் முடிந்திராத காலம். வழியில் செக்பொயின்ட்டுகள் இருந்தன. ஒருநாள் அங்கே ஆமிக்காரன் நில்லு என்று கத்தியும் அப்பா தன் பாட்டுக்கு லொறியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மோட்டார் சைக்கிளில் துரத்தி வந்து மறித்தார்களாம். அப்பா ஒயரைக் காட்டியிருக்கிறார். நாலு திட்டோடு விட்டுவிட்டார்கள். அதை அவர் வீட்டில் நடித்துக் காட்டியபோது வயிறு வலிக்கச் சிரித்தவள் நான்தான்.

எனக்கு அப்போது பதினொரு வயது. புலமைப்பரிசில் பரீட்சையில் பாஸாகி மாத்தளை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தேன். வாரத்தில் ஒருநாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டர் அறைக்குள் போய்வருகிற ஆள். எங்கள் லயத்து வீடுகளில் வேறு யாருக்கும் அந்தப் பாக்கியம் இல்லை என்பதால், என் கால் தரையில் படாத நாட்கள் அவை.

ஒருநாள் அப்பா பிளேயரைத் தட்டிக்கொண்டே குறைப்பட்டார். "இதுல பாதிப் பாட்டு ஒளிஞ்சிக்குது பாப்பா. புதுப் பாட்டு கத்துது, பழைய பாட்டு வாயத் தொறக்க மாட்டேங்குது."

நானும் கேட்டுப் பார்த்தேன். உண்மைதான். புதுப் பாட்டுகள் சந்தையில் ஏலம் போடுவதுபோல இரைந்தன, பழைய பாட்டுகள் அடுத்த வீட்டிலிருந்து கேட்டன. என் மேதாவித்தனத்துக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் எப்போது கிடைக்கும்? பெரியப்பா மகன் போன் பேசப் போகிற ரோட்டோரக் கம்யூனிகேஷன் கடையில் வேலை செய்தான். அவனுடைய கம்ப்யூட்டரில் பாட்டுகளையெல்லாம் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரும் மென்பொருள் ஒன்று இருந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் நேரே அதன் சத்தம் ஒரு எண்ணாக வரும். மேலே ஒரு கட்டத்தில் நமக்கு வேண்டிய எண்ணைப் போட்டு அழுத்தினால் எல்லாப் பாட்டும் அந்த அளவுக்கு வந்துவிடும். அதில் முன்கூட்டியே எண்பத்தொன்பது என்று இருந்தது. அதை அப்படியே வைத்து அழுத்திவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அப்பாவை உட்காரவைத்து, ஒயரைக் காதில் வைத்து, பிளேயரின் சத்தத்தைப் பாதியில் வைத்துப் பாட்டைப் போட்டேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டுட்டியா பாப்பா?"

பாட்டு அப்போது பல்லவியைத் தாண்டிவிட்டது. ஒயர் பழசு என்று நினைத்தேன். மறுநாள் தொண்ணூற்றைந்து வைத்துக்கொண்டு வந்தேன். அன்றும், "போட்டுட்டியா?" என்றார். மூன்றாம் நாள் நூற்றைந்து. அதற்கு மேல் அந்த மென்பொருளில் இடமில்லை. பாட்டுகளின் பெயருக்கு நேரே சிவப்பாக ஏதோ எச்சரிக்கை வந்தது, நான் கணக்கில் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து போட்டபோது, பக்கத்தில் நின்ற எனக்கே பாட்டு வரி வரியாகக் கேட்டது. அப்பா மெதுவாகத் தலையை ஆட்ட ஆரம்பித்தார். கண்ணை மூடிக்கொண்டார். "இப்பதான் எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்திருக்கு," என்று என் கன்னத்தைக் கிள்ளினார்.

அந்த மாதமே தீபாவளி வந்தது. முதலாளி வருஷா வருஷம் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். அப்பாவுக்கு உடுத்த ஒரு சாரமும் எனக்குச் சட்டைத் துணியும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒரு முறுக்கு கடித்து, தேத்தண்ணி குடித்துப் போவார். அன்றும் வந்து உட்கார்ந்தார். மேசையில் கிடந்த பிளேயரை எடுத்து, "அப்பாட பாட்டுப் பெட்டி இதுவா மகள்?" என்று விளையாட்டாக ஒயரைக் காதில் வைத்தார். நான் ஓடிப்போய்ப் பாட்டைப் போட்டேன். அவர் துள்ளி எழுந்தேவிட்டார்.

"அல்லாஹ்! காது ஒடஞ்சி போகும் போல ஈக்குதே! இவ்ளோ சத்தம் என்னத்துக்கு மகள்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சிரித்துவிட்டு ஓடியிருக்கலாம். என் கெட்டித்தனத்தைக் கேட்க ஒரு பெரிய மனிதர் கிடைத்துவிட்டார் என்ற பூரிப்பில் நான் ஒப்புவித்தேன். "அப்பாவுக்கு இதுதான் சரி மொதலாளி. எம்பத்தொம்பதுல அவருக்கு ஒண்ணுமே கேக்கல. தொண்ணூத்தஞ்சுலயும் கேக்கல. நூத்தஞ்சு வச்ச பொறகுதான் தலையாட்டுனாரு."

முதலாளி ஒயரைக் காதிலிருந்து எடுத்தார். அப்பா நாலடி தள்ளி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார். அவர் காதில் ஒயர் இல்லை.

"டிரைவர்," என்றார் முதலாளி, சாதாரணக் குரலில். அப்பா ஆற்றிக்கொண்டே இருந்தார். "டிரைவர்," என்றார் மறுபடியும். அம்மா வாயைத் திறக்கப் போனாள். முதலாளி கையைக் காட்டி அவளைத் தடுத்தார். அப்பா கோப்பையோடு தானாகத் திரும்பி எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். முதலாளி தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு எழுந்து, என் தலையில் கை வைத்து, "கெட்டிக்காரப் புள்ள," என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த கிழமை அப்பா லொறிச் சாவி இல்லாமல் வீட்டுக்கு வந்தார். முதலாளி லொறியை விற்கப் போகிறாராம் என்று எங்களிடம் சொன்னார். அதே லொறி சில நாட்களில் வேறொரு டிரைவரோடு எங்கள் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போனபோதும், விற்றுவிட்டார் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். முதலாளி அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. "தங்கச்சி, அண்டைக்கு ஆமிக்காரன் சுட்டிருந்தா என்ன செய்ற? நாளைக்கி ஒண்டு நடந்தா ஒங்கட மொகத்துல நான் முழிக்கேலா," என்றாராம். தன் கடையிலேயே தராசு வேலை தருவதாகவும் சொல்லியிருக்கிறார். எல்லோருக்கும் விஷயம் தெரிந்த இடத்தில் நிற்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. யாருக்கும் அவரைத் தெரியாத கலேவெலச் சந்தைக்கு, பஸ் மாறிப் போய் மூட்டை இறக்கினார்.

நான் பெரியவளான பிறகு ஆஸ்பத்திரியில் அப்பாவின் காதைச் சோதித்தார்கள். சின்ன அறைக்குள் அவரை உட்காரவைத்து, சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதே சோதனையை நான் பதினொரு வயதில் செய்து முடித்து, முடிவை அவருக்குச் சோறு போட்ட மனிதரிடம் வாசித்தும் காட்டிவிட்டேன். வெட்கத்தில் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

ஆனால் என்னை அதிகம் குத்துவது அதுவுமில்லை.

அப்பா மூட்டை இறக்கப் போன புதிதில், பள்ளிக்கூட லீவில் அம்மாவோடு ஒருநாள் கலேவெலச் சந்தைக்குப் போனேன். அப்பா வெங்காய மூட்டையைத் தோளில் வைத்து நடந்துகொண்டிருந்தார், காதில் ஒயரோடு. பின்னாலிருந்து ஒரு வியாபாரி கத்தினார். அப்பா திரும்பவில்லை. கூட வேலை செய்தவர்கள், அவன் பாட்டுக் கேட்கிறான் என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார்கள். அப்பா மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பி, அவர்கள் வாயைப் பார்த்து, ஒயரைத் தொட்டுக் காட்டித் தானும் சிரித்தார். நான் மட்டம் பார்த்துக் கொடுத்த பாட்டில் மனுஷன் எப்படி லயித்துப் போயிருக்கிறார் என்று நான் பூரித்தேன்.

அன்று பின்னேரம் அவர் குளிக்கப் போயிருந்தபோது, சட்டைப்பையிலிருந்த பிளேயரை எடுத்து அமுக்கினேன். பாடவில்லை. மூடியைக் கழற்றினேன். உள்ளே பெட்டரி இல்லை. பெட்டரி இருக்கவேண்டிய இடத்தில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது.

பாவம், மறந்துவிட்டார் என்று நினைத்து, என் மேசை மணிக்கூட்டின் பெட்டரியைக் கழற்றிப் போட்டுவைத்தேன். காலையில் எழுந்தபோது மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா பெட்டரியை அதற்குள்ளேயே திரும்பப் போட்டுவிட்டு, வெறும் பிளேயரையும் ஒயரையும் மாட்டிக்கொண்டு பஸ் ஏறியிருந்தார்.

எனக்கு வந்ததே கோபம். மூன்று நாள் கடைக்கு நடையாய் நடந்து நான் சரிசெய்து கொடுத்த பாட்டுகளுக்கு இவ்வளவுதான் மரியாதையா? இரண்டு நாள் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் எப்போதும்போல் என் தட்டில் மீன் துண்டை வைத்தார், கன்னத்தைக் கிள்ளினார், சிரித்தார். நான் பேசாமல் இருந்தது அவருக்குத் தெரிந்ததா என்றே தெரியவில்லை.