நான் வரைந்த காடு

எழுத்து எனக்குக் கையெழுத்துப் போடற அளவுதான். ஆனா ஆறு ஏக்கர்ல ஆளு வெச்சு வேலை வாங்கினவ நான். மகன் என்னைப் பீளமேட்டுல இந்தப் பெரியவங்க விடுதியில சேர்த்து ஒன்றரை வருசம் ஆச்சு. கேட்டைத் தாண்டணும்னா பெங்களூர்ல இருந்து அவன் போன்ல சரின்னு சொல்லணும். தை நோம்பிக்கு நாலு நாள் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறதாச் சொல்லியிருந்தான். அதை நெனச்சுத்தான் நான் சோறே தின்னேன்.

வியாழக்கிழமையானா படம் வரையச் சொல்லித்தர ஒரு டீச்சர் வரும். சென்னைக்காரப் புள்ளை. படம் போட்டா பெரியவங்களுக்கு மனசு லேசாகுமாம். ஒரு நாள், "எல்லாரும் ஒரு காடு வரைங்கம்மா" என்றது.

எங்க பக்கம் காடுன்னா வெள்ளாமை பண்ற நிலம். செம்மண் கலர் எடுத்து, மேலிருந்து கீழே நெருக்க நெருக்கமா உழவு சால் போட்டேன். ஒரு கோடு கோணலில்லை. பக்கத்து நாற்காலி பொள்ளாச்சிக்காரம்மா எட்டிப் பார்த்து, "ஏனுங்க, நல்லா ஓட்டியிருக்கறீங்க. மழை வந்தா வெதைச்சுப்போடலாம்" என்றாங்க.

டீச்சர் முகம் வாடிப்போச்சு. "ஒரு மரங்கூட இல்லையேம்மா?"

"நெழல் உழுந்தா சோளம் வராது கண்ணு."

அது என் முதுகைத் தடவிக்கொடுத்துட்டு, படத்தை மகனுக்கு அனுப்பிருச்சு.

சாயங்காலமே போன். "ஏம்மா, ஜெயில் கம்பியாட்டம் போட்டு வெச்சிருக்கறீங்களாமா? மனசு இப்படி இருக்கறப்ப எப்படி ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறது?"

"அது நம்ம காடு சாமி."

"சரிங்கம்மா, சரிங்கம்மா" என்றான், கொழந்தைகிட்டச் சொல்ற மாதிரி. அந்தக் காட்டுச் சோளத்தைத் தின்னு வளர்ந்தவன்.

அடுத்த வியாழக்கிழமை என் வீம்பை விட்டுப்போட்டேன். அவங்க கேக்கற காட்டையே வரைஞ்சேன். பத்து மரம், கிளி, மயிலு, சிரிக்கற மாதிரி ஒரு யானை. டீச்சர் கைதட்டி, "சூப்பர்மா!" என்றது. அந்தப் படமும் போச்சு.

மகன் கூப்பிட்டான். குரல்ல அப்படியொரு சந்தோசம்.

"பார்த்தனுங்கம்மா. அங்க நல்லாச் செட் ஆயிட்டீங்கன்னு டீச்சர் சொல்றாங்க. இப்பப் போயி ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்து எதுக்குக் கலைக்கறது? நோம்பிக்கு அங்கயே இருங்க. பொங்கல் வெக்கறாங்களாமா."

சரின்னு சொன்னேன்.

அந்த யானையைச் சாப்பாட்டு ரூம் சுவத்துல ஒட்டி வெச்சிருக்கறாங்க. மூணு வேளையும் அதுக்கு நேர் எதிர்லதான் என் நாற்காலி.