கரைவலைப் பாட்டின் சொந்தக்காரி

பாட்டுக் கட்டுவதற்கென்று நதீரா டீச்சர் ஒருநாளும் தனியே உட்கார்ந்ததில்லை. கல்முனைக்குடியில், கடற்கரைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கிற முன்பள்ளியில் அவள் படிப்பிக்கிறாள். பள்ளி விட்ட பிறகு, உம்மாமார் வரப் பிந்துகிற பிள்ளைகள் சிணுங்கத் தொடங்குவார்கள். அந்த நேரத்தில்தான் பிஸ்கட் பெட்டியின் மூடியைத் தட்டிக்கொண்டு ஏதாவது முணுமுணுப்பாள். மெட்டு முதலில் வரும், சொல் பிறகு வரும். கை கழுவுகிற பாட்டு, செருப்பை மாறிப் போடாதே என்கிற பாட்டு எல்லாம் அப்படி வந்தவைதான். ஒரு சொல் சரிவராவிட்டால் அதை விடமாட்டாள்; வீட்டுக்கும் கொண்டுபோவாள்.

"இண்டைக்கும் சோறு அடிப்பிடிச்சிட்டு. பாட்டு நல்லா வந்திரிக்கும் போல" என்பார் அவளுடைய கணவர் மஜீட்.

அவற்றில் கரைவலைப் பாட்டுத்தான் ஊரெல்லாம் போனது. பிள்ளைகள் வரிசையாக நின்று, இல்லாத கயிற்றை இழுத்துக்கொண்டே பாடுவார்கள்.

இழு இழு கரைவலை,
இழுத்த வலையில் என்ன மீன்?
அஸ்கிக்கு ஒரு கீரி மீன்,
அடுத்த ஆளுக்குச் சூடை மீன்!

எந்தப் பிள்ளை நிற்கிறதோ அதன் பெயர் பாட்டுக்குள் வரும். ஒவ்வொரு பிள்ளையாக உம்மாவோடு வீட்டுக்குப் போகப் போக வரிசை குறையும். கடைசியாக மிஞ்சுகிற பிள்ளைக்கு மட்டும் ஒரு வரி இருந்தது.

கடைசிப் பிள்ளை கையை நீட்டு,
வலையின் மடியே உனக்குத்தான்!

வலையின் மடி என்றால் பிடிபட்ட மீன் முழுவதும். அந்த ஒரு வரிக்காக, அழுதுகொண்டு நின்ற பிள்ளைகள் கடைசியாக நிற்கப் போட்டி போட்டார்கள். நதீரா கட்டிய வரிகளில் அவளுக்கே பிடித்தது அதுதான்.

போன வருடம், கல்முனை பஸாரில் ரெக்கோடிங் ஸ்டூடியோ வைத்திருக்கிற றிபாஸ் வந்தான்.

"ராத்தா, அந்த மீன் பாட்டை நாங்க எடுத்துப் பாடட்டா?"

"ஓம் தம்பி, பாடுங்க. ஹலால்" என்றாள் நதீரா. மனம் ஒப்பிய சம்மதத்துக்கு ஊரில் அந்தச் சொல்தான்; வீட்டு முருங்கைக்காயைக் கேட்டாலும் அவள் அப்படித்தான் சொல்வாள்.

றிபாஸ் பாடினான், யூடியூபில் போட்டான். அதைப் பார்த்த கொழும்புக் கொம்பனி ஒன்று, எல்லா இடத்திலும் வெளியிடலாம் என்றது. பாட்டு யாருடையது என்று கேட்டதற்குத் தன் பெயரையே கொடுத்தான். நதீராவுக்கு இதில் ஒன்றும் தெரியாது. முன்பள்ளிக் கலைவிழா வீடியோவை பேஸ்புக்கில் போட்ட அன்றுதான் தெரிந்தது. பிள்ளைகள் வாயைத் திறந்து மூடுகிறார்கள், கயிறு இழுக்கிறார்கள், சத்தம் மட்டும் இல்லை. உரிமை றிபாசுக்கு என்று கீழே அறிவித்தல்.

அடுத்த நாள் வாசலில் வைத்து அஸ்கியின் உம்மா சிரித்தாள். "என்ன டீச்சர், பாட்டைக் களவெடுத்துப் போட்டீங்களாமே?"

விளையாட்டாகச் சொன்னதுதான். நதீராவும் சிரித்து வைத்தாள். ஆனால் அன்று பிஸ்கட் மூடியைக் கையில் எடுக்கவில்லை. பிந்தி நின்ற பிள்ளைகள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

றிபாசுக்குக் கோல் எடுத்தாள்.

"நீங்கதானே ராத்தா ஹலால் எண்டு தந்தீங்க? தந்ததத் திருப்பிக் கேக்கிறதா?" என்றான் அவன். வெட்கப்பட்ட குரலாகத் தெரியவில்லை. உண்மையாகவே அவன் அப்படித்தான் நினைத்திருந்தான்.

நதீராவின் அக்கா மகள் பஸ்னா சட்டம் படிக்கிறாள். அவளுக்குக் கேட்டதும் கோபம் வந்தது. "சாச்சி, பாட்டைக் கட்டின நேரமே அது உங்கட. எங்கயும் பதியத் தேவையில்ல. பாட விடுறது வேற, பாட்டையே குடுக்கிறது வேற. கேஸ் போடுவமா?"

"வேணாம் புள்ள. ஒரே ஊருக்குள்ள முகம் பாத்து இரிக்கணும்."

"அப்ப விடப்போறீங்களா?"

"விடவும் மாட்டேன்" என்றாள் நதீரா. எப்படி என்று அவளுக்கே அப்போது தெரியாது.

ஹஜ் காலம் வந்தது. றிபாசும் மனைவி றஹீமாவும் போகிறார்கள் என்று கேள்விப்பட்டார்கள். போகிறவர்கள் வீடு வீடாக வந்து, செய்த பிழைகளுக்கு மாப்புக் கேட்பது ஊர் வழக்கம். கேட்ட வாய் மூடமுன் எல்லோரும் கொடுத்துவிடுவார்கள். மறுத்தவர் என்று யாரையும் நதீரா கேள்விப்பட்டதில்லை.

ஒருநாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு இரண்டு பேரும் வந்தார்கள். தேத்தண்ணி வந்தது. றிபாஸ் தொப்பியைச் சரிசெய்தான்.

"தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காக மாப்புச் செய்ங்க."

"செஞ்சாச்சி, செஞ்சாச்சி, எங்களுக்கும் துஆச் செய்ங்க" என்று மஜீட் ஒரே மூச்சில் முடித்தார்.

நதீரா கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். குரல் வகுப்பில் போலவே வந்தது.

"தெரியாமச் செஞ்சதுக்கு மாப்பு. தெரிஞ்சு செஞ்சது எது தம்பி?"

மஜீட் இருமினார். றஹீமா கணவனைப் பார்த்தாள். "டீச்சர் என்ன செல்லுறா?"

"உங்கட போன்ல அந்த மீன் பாட்டைப் போடுங்க தங்கச்சி. யார்ட பேர் இரிக்கி எண்டு பாருங்க."

றஹீமா பார்த்தாள். "பாடல், இசை, றிபாஸ். நீங்களா? பிள்ளைக்குப் பேர் வைக்கவே நாலு பேருக்குக் கோல் எடுத்த ஆள், எப்ப பாட்டுக் கட்டினீங்க?"

மஜீடுக்குச் சிரிப்பு அடங்கவில்லை; கோப்பையை வைத்துவிட்டார்.

"அவதானே ஹலால் எண்டு..." என்று இழுத்தான் றிபாஸ்.

"பாடுறதுக்கு ஹலால் எண்டேன். வந்தவருக்குக் கதிரையைத் தந்து இரிங்க எண்டா, போகக்குள்ள கதிரையைத் தூக்கிட்டுப் போறதா?" நதீரா குரலை உயர்த்தவில்லை. "நீங்க பாடினது நல்லாத்தான் இரிக்கி. இனியும் பாடுங்க. ஆனா பேரை மாத்துங்க. எந்தப் பிள்ளை பாடினாலும், எந்தப் பள்ளிக்கூடம் பாடினாலும் நிப்பாட்டக் கூடா. கடைக்காரர் விளம்பரத்துக்குக் கேட்டா எனக்கிட்ட வரட்டும். மறுகா, நீங்க வெட்டின கடைசி வரியைச் சேத்துப் பாடுங்க."

"பாட்டு நீளம் எண்டு விட்டது ராத்தா. பெட்டி கட்டியாச்சி, இனி எங்க நேரம்?"

"கடைசிப் பிள்ளைக்கு மீனில்லாம ஹஜ்ஜுக்குப் போறீங்களா?"

றிபாஸ் தலை குனிந்தான். சிரிக்கிறானா, வெட்கப்படுகிறானா என்று தெரியவில்லை. றஹீமா எழுந்தாள். "எழும்புங்க. ஸ்டூடியோவைத் துறங்க. இந்தப் பாரத்தோட நான் பிளேன் ஏற மாட்டேன்."

ஸ்டூடியோவில் இருந்தே றிபாஸ் கொம்பனிக்கு எழுதினான். என்ன எழுத வேண்டும் என்று பஸ்னா போனில் சொல்லச் சொல்ல, றஹீமா தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசி வரியைத் தன் மகளைக் கொண்டே பாடுவித்து, புறப்படுமுன் மறுபடியும் நதீராவின் வாசலுக்கு வந்தான்.

"இப்ப ராத்தா?"

"முழு மாப்பு. எனக்கும் துஆச் செய்ங்க" என்றாள்.

அவர்கள் மக்காவில் இருக்கும்போது வீடியோவுக்குச் சத்தம் வந்தது. பாட்டின் கீழே அவளுடைய பெயரும் வந்தது. அதைப் பார்த்துத் தம்பிலுவிலில் இருந்து வினோஜா என்கிற முன்பள்ளி ஆசிரியை கோல் எடுத்தாள்.

"டீச்சர், எங்கட பிள்ளைகள் பாடலாமா?"

"யார் பாடுறது, எங்க போடப்போறீங்க?" என்று எல்லாவற்றையும் கேட்டாள் நதீரா. பிறகுதான் சொன்னாள். "பிள்ளைகள் பாட ஹலால். பேரைப் போடுங்க. கடைசி வரியை விடாதீங்க."

அன்று மத்தியானம் பிஸ்கட் மூடி மறுபடியும் சத்தம் போட்டது. அஸ்கிதான் கடைசியில் நின்றான். அவனுடைய உம்மா வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தாள்.

"மன்னிச்சிக்கோங்க டீச்சர், பிந்திட்டு. வா மகன்."

அஸ்கி நகரவில்லை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான். "கொஞ்சம் பொறுங்க உம்மா. எனக்கு இன்னும் மீன் தரல்ல."

நதீரா மூடியைத் தட்டினாள்.