அமைதியான விண்மீன்களைத் தேடிய நேசமலர்

என் வீட்டு வாசற்படலையில் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வராமல் நின்றார் அருளப்பு அண்ணை. எங்கள் பல்கலைக்கழகப் பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் நெடுங்காலம் வேலை செய்பவர். "நேசம் மிஸ் மோசம் போயிட்டா" என்று சாவுச் செய்தி சொன்னார். தொய்வு, ஆஸ்துமா. விடியற்காலையில் மூச்சுத் திணறியிருக்கிறது. போர்க்காலப் பொருளாதாரத் தடையால் ஆஸ்பத்திரியில் அதற்கான மருந்து முடிந்திருந்ததாம்.

கலாநிதி நேசமலர் குருநகரில் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். எண்பத்து மூன்று இனக்கலவரத்துக்குப் பிறகு எல்லோரும் நாட்டைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தபோது இங்கிலாந்தில் படிப்பை முடித்துத் திரும்பி வந்தார். அங்கே கணிதம் படிப்பித்த நான், ஏன் திரும்பி வந்தீர்கள் என்று கேட்டேன். "ஐயா தனியத்தானே தம்பி. இஞ்சை பிள்ளையளுக்கும் ஆள் வேணும்" என்றார். தந்தையையும் மாணவரையும் தவிர வேறு காரணம் அவர் சொன்னதில்லை.

அவருடைய ஆய்வு இரட்டை விண்மீன்களைப் பற்றியது. சாதாரண விண்மீன் ஒன்று, நியூத்திரன் விண்மீனோடோ கருந்துளையோடோ இணையாகச் சுற்றும். துணையிலிருந்து வாயு விழும்போது எக்ஸ் கதிர் பீறிட்டு வரும். பிறகு அந்த இணை பல ஆண்டுகள் அடங்கிக் கிடக்கும். எல்லோரும் பீறிடும் காலத்தைப் பார்க்க, இவர் அடங்கிய காலத்தில் கசியும் மங்கலான கதிரைப் பற்றி யோசித்தார். "நியூத்திரன் விண்மீனுக்குத் தரை இருக்கு. விழுந்தது மோதி, சூடு வெளியிலை வரும். கருந்துளைக்குத் தரை இல்லை. சூட்டோடை உள்ளுக்கை போயிடும். அப்ப அடங்கியிருக்கேக்கை எது கூடுதலா மங்கலாயிருக்க வேணும், சொல்லுங்கோ" என்று மாணவரைக் கேட்பார். மின்சாரம் இல்லாத ஊரில், கணினி இல்லாமல், கையாலேயே கணக்கிட்டு, கருந்துளைதான் என்று காட்டி, அதைக் கட்டுரையாக்கினார்.

தபால் ஒழுங்காகப் போகாத காலம். கொழும்புக்குப் புறப்பட்ட அருளப்பு அண்ணையிடம், அங்கிருந்து வெளிநாட்டுச் சஞ்சிகைக்குத் தபாலிலிடும்படி, கட்டுரையின் ஒரே பிரதியைக் கொடுத்தனுப்பினார். வழியில் கிளாலிக் கடலைக் கடக்கையில் படகுகள்மீது துப்பாக்கிச் சூடு விழுந்தது. தண்ணீரில் குதித்தவரை இன்னொரு படகு தூக்கியது. திரும்பி வந்தவர் மிஸ்ஸின் முகத்தைப் பார்க்கவில்லை.

"கட்டுரை பையோடை கடலுக்கை போயிட்டுது, மிஸ்."

"பையை விடுங்கோ அண்ணை. நீங்கள் வந்திட்டியள், அது காணும். இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

மறுபடி எழுதத் தொடங்கினார். இடையில் தந்தை படுக்கையில் விழுந்தார். இவருடைய தொய்வும் கூடியது. இந்த ஆண்டு சண்டை ஓய்ந்திருந்த சில மாதங்களில், தேங்கிக் கிடந்த வெளிநாட்டு ஆய்வுச் சஞ்சிகைகள் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்றில் அதே விளக்கம், வேறு ஆய்வாளர்களின் பெயர்களில், அச்சாகியிருந்தது. வாசித்து முடித்து அதை மூடிவைத்தார். "இண்டைக்கு என்ரை வகுப்பை நீங்கள் எடுக்கிறியளோ, தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

அதை எழுதியவர்களுக்கு ஒரு கடிதமாவது எழுதுங்கள் என்றேன்.

"என்னத்தை எழுதுறது? என்ரை கட்டுரை கடலுக்கை கிடக்கெண்டோ?"

  கட்டுரை அனுப்புவது, வேறோர் ஊரில் ஒரு தபால் முத்திரையோடு முடிந்திருக்கக்கூடிய காரியம்.

அடுத்த நாள் அவரே வகுப்புக்கு வந்தார். அந்தக் கட்டுரையாசிரியர்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதி, அவர்களுடைய வாதத்தை வரி வரியாக விளக்கினார். தானும் அதே முடிவுக்கு வந்தவர் என்பதைச் சொல்லவில்லை. வெளியே வந்ததும், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா பிள்ளையள் என்னைப் பாத்துக் கவலைப்படுவினம். விண்மீனைப் பாக்க மாட்டினம்."

அவரை அறிந்தவர்களே, அவர் பெயரைத் தாங்கிய கட்டுரை எங்கும் இல்லை. அன்று அவர் சொன்ன அந்தப் பதில் மட்டும் என்னிடம் இருக்கிறது. வகுப்புக்குள் நுழையும்போது அதை நினைத்துக்கொள்கிறேன்.