அக்கா கொடுத்த அனுமதி

என் அக்கா வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ். ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு. ஒவ்வொரு புண்ணையும் போனில் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்ப வேண்டும். மார்பில் ஆபரேஷன் ஆன ஒரு டீச்சர் மட்டும் படமே கூடாது என்று அழுதிருக்கிறார். "டாக்டரைத் தவிர ஒரு கண்ணு பாக்காது, நான் பொறுப்பு" என்று அக்காதான் சம்மதிக்க வைத்தாள்.

மத்தியானத்துக்குள் போன் செத்துவிடும். பேருந்து நிலையக் காத்திருப்பு அறையில் சார்ஜ் பெட்டி ஒன்று உண்டு. அதில் தொங்கும் ஒயரைச் செருகிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள். பல மாதப் பழக்கம்.

போன வாரம் அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். உள்ளே போனில் இருப்பதை உறிஞ்சும் கருவி இருந்ததாம். அக்கா நேராக என்னிடம் ஓடி வந்தாள்.

"செருகினதும் போன் ஏதாவது கேட்டுச்சா?"

"அனுமதி, மறுன்னு ரெண்டு வந்துச்சு. அனுமதியை அமுக்கினேன்."

"அடிப்பாவி! ஏன்?"

"ஆஸ்பத்திரில அனுமதின்னா வார்டுல சேக்குறதுதானேடி? போன் சோர்ந்து கிடக்கு, சேத்துக்கவான்னு கேக்குதுன்னு நெனச்சேன்."

"போன்ல இருக்கறதை எடுத்துக்க விடலாமான்னு மேல ஒரு வரி இருந்திருக்குமே, படிக்கலையா?"

"பசில யாருடி படிப்பா?"

தலையில் அடித்துக்கொண்டேன். கரன்ட் வரும் ஒயரிலேயே படமும் போகும் என்று விளக்கினேன். அக்காவின் முகம் வெளுத்துப்போனது. "டீச்சர் படம்..." என்றாள்.

"வாயை மூடிக்கிட்டு இரு. போச்சா இல்லையான்னே தெரியாது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்காதே" என்றேன். அப்படிச் சொன்னதற்கு இன்று வெட்கப்படுகிறேன்.

அவள் கேட்கவில்லை. ஒரு வீடு விடாமல் போய்ச் சொன்னாள். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் பெரியவர் ஒருவர் சிரித்தே விட்டாராம். "என் முதுகுப் புண்ணைப் பாத்த திருடன் அன்னிக்குச் சோறு தின்னிருக்க மாட்டான், விடும்மா."

டீச்சர் சிரிக்கவில்லை. கேட்டு முடித்ததும் கதவைச் சாத்திவிட்டார். வேறு நர்ஸை அனுப்புவதாக அக்கா கதவுக்கு வெளியே நின்று சொல்லிப் பார்த்தாள். இன்னொருத்தியிடம் காட்ட மாட்டேன் என்று உள்ளேயிருந்தே பதில் வந்ததாம். அடுத்த இரண்டு தடவையும் மணியடித்துவிட்டுத் திரும்பினாள். புண் சீழ் பிடித்தால் என்னாவது என்று வீட்டில் ஒரு வாய் சாப்பிடவில்லை.

நேற்று கதவு திறந்தது.

"போனை வெளியில வெச்சுட்டு வாங்க, சிஸ்டர்."

வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்க் கட்டை மாற்றியிருக்கிறாள். முடியும்வரை டீச்சர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"எப்படியோ, திரும்ப உன்னை நம்பிட்டாங்கல்ல?" என்றேன்.

"நம்பியெல்லாம் இல்லடி" என்றாள் அக்கா. "காய்ச்சல் நூத்திரண்டு. அதான் திறந்தாங்க."