நான்கு பிஸ்கட் டின்களில் ஒரு பழிவாங்கல்

தாராபுரத்திலிருந்து பல்லடம் போகும் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். குண்டடத்துக்கு இன்னும் பாதி தூரம் இருந்தது. தோளில் பை, கையில் தயிர்சாதப் பொட்டலம், விரல்களில் பிலிம் சிமெண்ட் வாசனை. பின்னால் வந்த கோயமுத்தூர் பஸ் ஹாரன் அடித்து என்னைத் தாண்டிப் போனது. அதன் கூரைமேல், வாழைத்தாருக்கும் ஒரு சைக்கிளுக்கும் நடுவே, எனக்கு நன்றாகத் தெரிந்த தகரப் பெட்டி இருந்தது. அதற்குள் இருந்த படத்தால்தான் அன்று மதியம் என் வேலை போனது. படத்துக்கு பஸ், எனக்கு நடை. அந்தப் படத்தில் கடைசியாக நான் போட்ட ஒட்டு பிரியாமல் ஊர் போய்ச் சேருமா என்பதுதான் என் கவலை. சோற்றைப் பற்றிய கவலை இரண்டாவது. பொட்டலம் இருந்ததால் அன்றைக்கு அது கொஞ்சம் பின்தங்கிவிட்டது.

இன்றைக்கு கம்ப்யூட்டரில் படம் ஓட்டுகிற தம்பிகளுக்கு ஒட்டு என்றால் புரியாது. அப்போது படம் பிலிம் சுருளாக வரும். அறுந்தால் இரண்டு முனையையும் சுரண்டி, சிமெண்ட் என்கிற பசையைத் தடவி, அழுத்திப் பிடித்து ஒட்ட வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பவானியில் ஜமக்காள நூலுக்குச் சாயம் முக்கினேன், லாரியில் கிளீனராகப் போனேன், உக்கடம் பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்கினேன். ஒழுங்காகக் கற்றுக்கொண்டது ஒட்டுப்போடுவதை மட்டும்தான்.

1. மெஸ்காரர் தியேட்டர் எடுத்தார்

தொண்ணூறுகளின் நடுவில், கேபிள் டி.வி. வந்து தியேட்டர்கள் ஈயோட்டத் தொடங்கிய நேரத்தில், தாராபுரத்தில் மெஸ் நடத்திய ஒருவர் ஒரு தியேட்டரைக் குத்தகைக்கு எடுத்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் மெஸ்காரர். தங்கமான மனிதர். யாரிடமும் "ங்க" போடாமல் பேசமாட்டார். நாயைக்கூட "போங்க" என்றுதான் விரட்டுவார். நான் அவருக்குப் படம் ஓட்டும் ஆபரேட்டர்.

சினிமாத் தொழிலில் அவருக்கு ஒரே கொள்கை. அது மெஸ்ஸிலிருந்து கொண்டுவந்தது.

"தம்பி, சாப்புட்டுப்போட்டு போறவங்கள வாசல்ல நின்னு கேக்கோணும். உப்பு ஜாஸ்தின்னு சொன்னாங்கன்னா அடுத்த பந்திக்குக் கொறைக்கோணும். இதுதானுங்க யாவாரம்."

சாம்பாருக்குச் சரி. படத்துக்கும் இதுதான் என்று அவர் முடிவு செய்ததை நான் அந்த வெள்ளிக்கிழமைதான் தெரிந்துகொண்டேன்.

அன்று வந்தது ஒரு டப்பிங் படம். பெயர் வேண்டாம், சொன்னால் இன்றைக்கும் இரண்டு பேர் சண்டைக்கு வருவார்கள். எதிரிப்படைத் தளபதி கதாநாயகனின் அம்மாவைக் கொல்கிறான், கூட்டாளிகளைக் கொல்கிறான். கதாநாயகன் பனியிலும் புகையிலும் மூன்று மணி நேரம் மெதுவாக நடந்துபோய் அவனைக் கொல்கிறான். இவ்வளவுதான் கதை. எடுத்தவர் பெரிய கலைஞர் போல. ரத்தம் வரவேண்டிய இடத்திலெல்லாம் சிவப்புப் பூவிதழ் கொட்டும். யாராவது செத்தால் வானம் மஞ்சளாகும்.

2. வாசலில் வந்த "ஆனா"

முதல் காட்சி முடிந்ததும் மெஸ்காரர் வெளிவாசலில் கைகட்டி நின்றார்.

"படம் எப்படீங்க?"

எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேரே யாரும் நன்றாக இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "நல்லாத்தானுங்க இருக்குது" என்பார்கள். அதற்குப் பிறகு ஒரு "ஆனா" வரும். மெஸ்காரர் முன்பாதியை விட்டுவிட்டு அந்த "ஆனா"வை மட்டும் எடுத்துக்கொண்டு என் கேபினுக்குப் படியேறி வருவார்.

வெங்காய மண்டிக்காரர் ஒருவர்: "நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா வெட்டுனா ரத்தமில்லீங்க வரோணும்? இவனுக்கு அரளிப்பூ வருது. ரத்தம் வாங்கக் காசில்லையாட்ட இருக்குது."

பக்கத்தில் நின்ற போர்டு எழுதுகிறவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அதுதானுங்க கலை! வெங்காயத்துக்கு அழுவறவங்களுக்கு இது எப்படி வெளங்கும்?"

மண்டிக்காரர் பால்கனி டிக்கெட், போர்டுக்காரர் தரை டிக்கெட். அன்று மாலைக் காட்சிக்கு முன்னால் பூவிதழ்களை வெட்டினேன்.

சனிக்கிழமை மேட்னிக்கு வந்த ஒரு ரைஸ்மில் அம்மணி: "படம் நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா பெத்தவளக் கொல்றதப் பாத்துப்போட்டு ஊட்டுக்குப் போய் எப்படிங்க சோறு திங்கறது?" சோறு என்ற சொல் மெஸ்காரரை உலுக்கிவிட்டது. அம்மா பிழைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பாலிடெக்னிக் பையன்கள்: "சூப்பருங்ணா. ஆனா மெதுவாப் போற எடமெல்லாம் தூக்கம் வருதுங்ணா." மெதுவாகப் போன இடமெல்லாம் போனது.

திங்கட்கிழமை மிஷன் பள்ளிக்கூட வாத்தியார்: "நல்ல முயற்சிங்க. ஆனா பழிக்குப் பழின்னு முடிச்சா புள்ளைங்க மனசு கெட்டுப்போகுமுங்க. கடைசில மன்னிச்சிருக்கலாம்." கடைசிக் கொலையை எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை ஓடிய படத்தில் யாரும் யாரையும் எதற்காகவும் கொல்லவில்லை. கதாநாயகன் எங்கிருந்தோ வருகிறான், ஒரு மைதானத்தில் தளபதியைப் பார்க்கிறான், இருவரும் ஒருவரையொருவர் உற்றுப் பார்க்கிறார்கள், உடனே திரையில் "வணக்கம்" என்ற எழுத்து. வாத்தியார் கண்கலங்கி, மறுநாள் இரண்டு வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துவந்தார். எதிர் டீக்கடையில் வெள்ளிக்கிழமை பார்த்தவனும் செவ்வாய்க்கிழமை பார்த்தவனும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"செத்துப்போனான்டா அவன்!"

"என்ற ரெண்டு கண்ணால பாத்தேன்டா, ரெண்டு பேரும் சமாதானமாப் போனாங்க!"

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. மெஸ்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா தம்பி? ஊரே நம்ம படத்தப் பத்தித்தான் பேசுது."

அவர் ஒரு நாள்கூட உள்ளே உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. எல்லாக் காட்சிக்கும் வாசலில்தான் நின்றார்.

3. டின்னில் எழுதியது

வெட்டிய துண்டுகளைத் தூக்கிப் போடக்கூடாது. பிரிண்ட் நம்முடையதல்ல, விநியோகஸ்தருடையது. வியாழக்கிழமை அவருடைய ஆள், ரெப் என்பார்கள், வந்து சரிபார்த்து, பெட்டியைக் கோயமுத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு அடுத்த தியேட்டருக்குப் போவார். மெஸ்ஸிலிருந்து நான்கு காலி பிஸ்கட் டின் வாங்கி, துண்டுகளை அவற்றில் சுருட்டிப் போட்டேன். டின்மேல் சாக்பீஸால் எழுதினேன்: மண்டி, அம்மணி, பாலிடெக்னிக், வாத்தியார்.

என் படிப்பு வேலை செய்த இடம் இது. யார் வெட்டச் சொன்னார் என்று ஒழுங்காக எழுதி வைத்தேனே தவிர, எந்த ரீலில் எந்த இடத்திலிருந்து வெட்டினேன் என்று எங்கேயும் எழுதவில்லை.

புதன்கிழமை மேட்னி முடிந்ததும் ஒருவர் கேபின் படியேறி வந்தார். பஞ்சு குடோனில் ராக்காவல் இருக்கும் மிலிட்டரிக்காரர். வெள்ளிக்கிழமையிலிருந்து தினமும் அதே மூலை சீட்டில் உட்கார்ந்திருந்தவர். வாசலில் மெஸ்காரர் கேட்டால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விடுவார்.

"ஏனுங்க ஆபரேட்டரு, அந்தப் பொத்தான் பிக்கறது எங்கீங்க?"

எனக்கு நினைவு வந்தது. நாற்பது விநாடி இருக்கும். கதாநாயகன் செத்துக் கிடக்கிற கூட்டாளியின் சட்டையிலிருந்து ஒரு பொத்தானைப் பிய்த்துத் தன் பையில் போட்டுக்கொள்வான். இசை கிடையாது, வசனம் கிடையாது. பையன்கள் விசிலடித்த இடம்.

"அது தூக்கம் வருதுன்னு எடுத்துட்டமுங்க. படம் உங்களுக்கு அவ்வளவு புடிச்சுதுங்களா?"

"படமா? கருமம். சண்டைன்னா பூவும் வராது, வானமும் மஞ்சளாகாது. எங்க ஒண்ணுக்குப் போறது, எங்க தூங்கறது, அதுதான் சண்டை. அந்தப் பொத்தான் மட்டும் நெசமுங்க." மேல்படியில் உட்கார்ந்தார். "செத்தவன் ஊட்டுக்குக் குடுக்க எதாச்சும் எடுத்துட்டு வந்திருக்கோணும். எனக்கு அன்னைக்குத் தோணலீங்க. இவனுக்குத் தோணியிருக்குது. அதப் பாக்கத்தான் வாரேன்."

4. ஈரம்

வியாழக்கிழமை காலை கேபினில் டின்களைத் திறந்தபோதுதான் என் தப்பு எனக்கே தெரிந்தது. மண்டித் துண்டு எதற்கு முன்னால், அம்மணி துண்டு எதற்குப் பின்னால்? மதியம் ரெப் வந்துவிடுவார். நான் ஓட்டினேனே தவிர, கதையைக் கவனித்தவனில்லை. எனக்குத் தெரிந்து அந்தப் படத்தை முதலிலிருந்து கடைசிவரை மனப்பாடமாக வைத்திருந்தவர் ஊரில் ஒருவர்தான். குடோனுக்கு ஓடி, டூட்டி முடிந்து கிளம்பியவரை அழைத்துவந்தேன்.

அவர் துண்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துச் சொன்னார், நான் ஒட்டினேன். பூவிதழ்கள் திரும்பின, அம்மா மறுபடி செத்தார், தளபதியும் செத்தான். பதினொன்றரைக்கு ஒரு துண்டுதான் பாக்கி. பொத்தான்.

"பாலத்துச் சண்டைக்குப் பொறவுதானுங்க இது" என்றேன்.

"பாலத்துல அவன் சோத்துக்கை ஒடஞ்சுபோகுதுங்க. இங்க பாருங்க, எந்தக் கையில பிக்கறான்?"

பார்த்தேன். வலது கை. கட்டு இல்லை. அப்படியென்றால் பாலத்துக்கு முன்னால்.

அதற்குள் கீழே ஜீப் சத்தம். மெஸ்காரர் வியர்த்து ஓடிவந்தார். "ரெப் வந்துட்டாருங்க தம்பி! ஒட்டியாச்சுங்களா?"

"ஒண்ணு பாக்கி மொதலாளி."

"எத்தன பெருசுங்க?"

"நாப்பது விநாடி."

"அட, அத அடுப்புல போடுங்க! நாப்பது விநாடி கொறஞ்சா யாருக்குங்க தெரியும்?"

அவர் சொன்னது உண்மை. யாருக்கும் தெரியாது. காலையில் போட்ட ஒட்டுகள் காய்ந்துவிட்டன. வேறு ஊரில் போட்ட பழைய ஒட்டு என்று சொல்லிவிடலாம். இப்போது போட்டால் ஈரம் காயாது, வாசனையும் போகாது. விட்டுவிட்டால் என் வேலை போகாது.

மிலிட்டரிக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. "நான் பாத்தாச்சுங்க. உங்க பொழப்பப் பாருங்க" என்று எழுந்து தோள்துண்டைத் தட்டிப் போட்டுக்கொண்டார்.

கேட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. கத்தரியை எடுத்தேன். பாலத்துக்கு முன்னால் வெட்டி, இரண்டு பக்கமும் சுரண்டி, சிமெண்ட் தடவி அழுத்தினேன். இரண்டாவது ஒட்டை அழுத்திப் பிடித்திருக்கும்போதே ரெப் படியேறிவிட்டார்.

அவர் பழகிய ஆள். ரீலைச் சுற்றவிட்டு, பிலிம் ஓரத்தில் இரண்டு விரலை வைத்தார். ஒட்டு வரும்போதெல்லாம் விரல் நின்றது, இழுத்துப் பார்த்தார், "பழசு" என்றார், மேலே போனார். நான் கடைசியாகப் போட்ட ஒட்டில் விரலை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"இது இன்னைக்குப் போட்டதுங்களே." இழுத்துப் பார்த்தார். பிரியவில்லை. "ஒட்டு என்னவோ அருமையா போட்டிருக்கான். ஆனா பிரிண்ட்டுல கத்தரி வெக்கச் சொன்னது யாருங்க?"

மெஸ்காரர் என்னைப் பார்த்தார். பிறகு கேபின் சுவரைப் பார்த்தார்.

"தம்பிதானுங்க. ஆர்வக்கோளாறு."

"இந்த ஆபரேட்டர் இருந்தா இந்தத் தியேட்டருக்கு இனி பெட்டி வராதுங்க."

என் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டும் டிஸ்மிசும் ஒரே நிமிஷத்தில் வந்தன. மெஸ்காரர் வாசல் வரை வந்தார். "மனசுல வெச்சுக்காதீங்க தம்பி. போயிட்டு வாங்க" என்று கையில் தயிர்சாதப் பொட்டலத்தை வைத்தார். ஊறுகாயும் இருந்தது. பழக்கதோஷத்தில் நானே அவரிடம் கேட்டேன்:

"படம் எப்படீங்க மொதலாளி?"

"பாக்கவே இல்லீங்களே" என்றார்.

5. மறுநாள்

பல்லடம் பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்துவிட்டு, விடிந்ததும் ஒரு விசைத்தறி ஷெட்டுக்குப் போனேன். மேஸ்திரி தறிச் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"என்ன வேல தெரியும்?"

"அறுந்ததை ஒட்டுவேங்க!"

ஒரு தறிக்கு முன்னால் நிறுத்தினார். நீளவாக்கில் ஓடும் பாவு நூல்களில் ஓர் இழை அறுந்து தொங்கியது. "யாரு அறுத்தாங்கன்னு இங்க யாரும் கேக்கமாட்டாங்க. எந்த ஓட்டையில இருந்து வந்துச்சோ அதே ஓட்டையில கோத்துப்போடு. மாறிப்போச்சுன்னா துணி பூராக் கோடு உழுந்துரும்."

நான்கு டின்னில் நான் எழுதியிருக்க வேண்டியதை அந்த மனிதர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். சரிங்க என்றேன். மதியம் வரை இழை கோத்தேன். யாரும் "ஆனா" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்தச் சத்தத்தில் கேட்டிருக்காது.