எட்டு மைலுக்கு இவ்வளவு மூட்டையா?

போன ஞாயிற்றுக்கிழமை பண்பொழி திருமலைக் கோயிலில் என் தங்கை மகள் வள்ளிக்குக் காது குத்து. வள்ளிக்கு மூன்று வயது. நான் தாய்மாமன். பட்டுப்பாவாடை, கம்மல், சீர்த்தட்டு எல்லாவற்றையும் என் மனைவி முதல் நாளே பஸ்ஸில் கொண்டுபோய்விட்டாள். நான் கொண்டுபோக வேண்டியது ஒன்றே ஒன்றுதான் — குழந்தை உட்கார என் மடி.

அதை மட்டும் கொண்டுபோயிருக்கலாம். போன மாதம் வாங்கிய மோட்டார் சைக்கிள் விட்டால்தானே!

தென்காசியிலிருந்து பண்பொழி எட்டு மைல் இருக்கும். சைக்கிளில் போகிறவர்கள் தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். மோட்டார் சைக்கிள் என்றால் அதற்கென்று ஒரு முறை வேண்டாமா? எங்கள் தெரு செல்லையாவிடம் போய்க் கேட்டேன். அவர் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர். அந்தத் தீவில் மோட்டார் சைக்கிளில் ஏறாத மலை இல்லை என்பார்.

"மலைக்காத்தை லேசா நினைச்சிராதேயும்வே! சட்டைக்குள்ள நாலு பேப்பரை மடிச்சு வையும். நெஞ்சுல குளிர் ஏறாது" என்று ஆரம்பித்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.

மழைக்கோட்டு, குரங்குக் குல்லாய், பெரிய கண்ணாடி, கையுறை, முழங்கால் வரை பூட்ஸ். பைக்குள் இரண்டு செட் பேண்ட் சட்டை, பஞ்சர் சாமான், டார்ச் லைட், டிஞ்சர், கயிறு, சுக்கு... கனமானது அடியில், அவசரத்துக்கு வேண்டியது மேலே. ஒரு வாரம் சேர்த்தேன். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மனைவி அந்தப் பையை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏங்க, பண்பொழிக்குத்தானே வாறிய? இல்ல, பட்டாளத்துக்குப் போறியளா?"

ஓட்டாதவர்களுக்கு இதெல்லாம் புரியாது.

ஞாயிறு காலை நல்ல சாரல். கண்ணாடியைத் துடைக்கவே நாலு இடத்தில் நிறுத்தினேன். செங்கோட்டையில் என்னைக் கண்டதும் டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். யார் என்று நினைத்தார்களோ! அடிவாரத்தில் வண்டியை விட்டுவிட்டு, பூட்ஸும் பையுமாகப் படியேறி மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடியக் கால் மணிதான் பாக்கி. ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். வழக்கமாக என்னைக் கண்டால் தாவி வருகிற வள்ளி என்னைப் பார்த்தாள்.

"அம்மா... பூச்சாண்டி!"

அந்த அலறலில் கோயில் மணி கூடக் கேட்கவில்லை.

குல்லாயைக் கழற்றினேன். கண்ணாடியைக் கழற்றினேன். கோட்டைக் கழற்றினேன். சட்டையையும் கழற்றினால் — நான் கதை எழுதுகிற பத்திரிகையின் பேப்பர் நனைந்து நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. என் எழுத்து நெஞ்சில் ஒட்டிவிட்டது என்று வாசகர்கள் கடிதம் போடுவதுண்டு. எனக்கே ஒட்டியது அன்றைக்குத்தான். பயந்த பிள்ளை பயந்ததுதான். அம்மா தோளை விட்டுத் தலை நிமிரவில்லை.

"நேரம் போகுதே. பேசாம சித்தப்பன் மடியில உக்கார வச்சிருவோம்" என்றார் தங்கையின் மாமனார். "மாமங்காரன் கால்சட்டை மாட்டிட்டு வந்திருக்காரு. மடியில பிள்ளைய வைக்கவரு வேட்டி கட்டாண்டாமா?"

நியாயம்தான். பையைத் திறந்தேன்.

"வேட்டி எங்கண்ணே?" என்றாள் தங்கை, மெதுவாக.

செல்லையா சொன்ன பட்டியலில் வேட்டி இல்லை. ஆகவே என் பையிலும் இல்லை. தங்கையின் கண் நிறைந்துவிட்டது. அப்பா அம்மா இல்லாத அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நான் ஒருவன்தான். அண்ணன் கல்லுக்குண்டாக எதிரே நிற்க, பிள்ளை வேறு மடியில் உட்கார்ந்தால் அவள் காலத்துக்கும் பேச்சுக் கேட்க வேண்டியதுதான்.

அப்போது அந்தச் சித்தப்பாவே முன்னால் வந்தார். தங்கையின் கொழுந்தன். தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார்.

"அண்ணாச்சி, இதைக் கட்டிட்டு உக்காருங்க. உங்களுக்குள்ள உரிமை எனக்கு எதுக்கு?"

தூணுக்குப் பின்னால் போய்ப் பேண்ட்டைக் கழற்றிவிட்டுத் துண்டைக் கட்டினேன். வெற்று மேலும் சொட்டுகிற தலையுமாக வந்து உட்கார்ந்தேன். மானம் போனால் போகிறது!

அழுகை சட்டென்று நின்றது. வள்ளி தோளிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மாமா... அருவிக்கா போறோம்?"

குற்றாலத்தில் சீசன் தொடங்கியதிலிருந்து வாரம் தவறாமல் இவளைத் தூக்கிக்கொண்டு குளிக்கப் போகிறேன். அவளுக்குத் தெரிந்த மாமா இந்த ஈரத்துண்டு மாமாதான்! இறங்கி ஓடி வந்து மடியில் உட்கார்ந்துவிட்டாள். தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

எங்கே போகிறோம் என்று பார்த்துப் பார்த்து மூட்டை கட்டுகிறோம். யாரிடம் போகிறோம் என்று யாராவது யோசிக்கிறோமா?

ஆசாரி கைதேர்ந்தவர். இரண்டு காதும் இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. என் விரலைக் கெட்டியாகப் பிடித்தபடி வள்ளி அழுது தீர்த்தாள். மூக்கை உறிஞ்சினாள். பிறகு எழுந்தவள், பட்டுப்பாவாடையைப் பரப்பிக்கொண்டு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியைத் தட்டினாள்.

"இப்போ நீங்க வாங்க மாமா. உங்களுக்குக் குத்தணும்லா?"

இடம் மட்டும் இருந்திருந்தால் உட்கார்ந்திருப்பேன்!